பதினான்காவது வெட்டு

அத்தியாயம் 19

ஹெப்சி மூன்றாவது முறையாக எண்ணிப் பார்த்தாள். இந்தத் தடவையும் பதினான்குதான்.

மாமரத்தின் அடிமரத்தில், இடுப்பு உயரத்தில், கோடாலி முனையால் கொத்திய தழும்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. பட்டாளத்தில் இருந்த அப்பா செய்த வேலை என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

வெட்டு இருப்பதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. எண்ணிக்கைதான் உதைத்தது.

காய்க்காத மரத்தைக் கோடாலி காட்டி மிரட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோடாலியோடு போய், "இந்த வருசமும் காய்க்கல. உன்னை வெட்டிப் போடப் போறேன்" என்று மரத்துக்குக் கேட்கும்படி சத்தம் போட்டு ஒரு கொத்து கொத்துவார். மற்றவர் ஓடி வந்து கையைப் பிடித்து, "வேண்டாம், விட்டுருங்க, அடுத்த வருசம் காய்க்கும்" என்று கெஞ்சுவார். பயந்துபோன மரம் மறுவருடம் காய்த்துவிடும் என்று நம்பிக்கை.

ஹெப்சியின் வீட்டில் இது புது வருட ஆராதனைக்கு மறுநாள் நடக்கும். கோடாலி அப்பா தவசிமுத்துவின் பொறுப்பு. கெஞ்சல் அம்மா பரிபூரணத்தின் பொறுப்பு. கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் இது என்ன கூத்து என்று யாராவது கேட்டால், "சர்ச் அய்யரு பிரசங்கத்துல சொன்ன பைபிள் கதையில காய்க்காத அத்திமரத்துக்கு ஒரு வருசம் தவணை குடுத்தாங்கள்லா, அதே தவணைதான்" என்று அம்மா வாயை அடைத்துவிடுவாள்.

மரம் எதற்கும் மசியவில்லை. ஐந்து வருடம் ஐந்து வெட்டு வாங்கிக்கொண்டு இலையாகத் தள்ளியது. ஆறாவது வெட்டு விழுவதற்கு முன்னால் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டைப் பூட்டி எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அப்படியானால் மீதி ஒன்பது வெட்டு எப்படி வந்தது? அப்பா வந்து போட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவின் இடத்தில் நின்று "வேண்டாம்" என்று சொன்னது யார்?

"என்ன தாயி, செத்த நேரமா மரத்தைச் சுத்திச் சுத்தி வாரே? எதுவும் நேர்த்திக்கடனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் கருத்தம்மாள். ஹெப்சியிடம் ஆறு வருடமாக வேலை பார்ப்பவள். களைக்கொத்தியும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

"அக்கா, இந்தக் கடைசி வெட்டைத் தொட்டுப் பாருங்க."

கருத்தம்மாள் தொட்டாள். விரலில் பிசின் ஒட்டியது. "பச்சை வெட்டு. ஒரு மாசம்கூட ஆயிருக்காதே!"

"அதான் எனக்கும் புரியல."

"புரியாதது இன்னொண்ணு காட்டுதேன், வா. கீழ பாரு."

ஹெப்சி குனிந்தாள். மரத்தடியில் நிழல் விழும் அளவுக்கு வட்டப்பாத்தி கட்டியிருந்தது. பாத்திக்குள் தேங்காய் உரிமட்டைகளை மல்லாத்தி, ஒன்றையொன்று தொடும்படி அடுக்கியிருந்தது. ஒரு மட்டையைத் தூக்கினாள். அடியில் மண் ஈரமாக இருந்தது. நான்கைந்து நாளுக்குள் யாரோ தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

அந்தத் தோட்டத்தில் தென்னை மரமே கிடையாது. மற்ற இடமெல்லாம் உன்னிச்செடி ஆள் உயரத்துக்கும் சீமைக் கருவேலம் மாமரத்தை மறைக்கும் உயரத்துக்கும் மண்டிக் கிடந்தன. மூன்று நாளாக வாசலிலிருந்து வெட்டிக்கொண்டே வந்து இன்றைக்குத்தான் கொல்லைப்பக்கத்து மூலையை எட்டியிருந்தார்கள். புதருக்குள் ஒரு மரத்துக்கு மட்டும் யார் இந்தச் சீராட்டு செய்தது?

கதை தெரியாமல் இந்த வாரம் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாற்றுப்பண்ணை வைத்து, ஊர் ஊராகத் தோட்டவேலை எடுத்துச் செய்கிறவள் ஹெப்சி. போன வாரம் அவளுடைய அப்பாவே வாடிக்கையாளராகப் பண்ணையில் வந்து நின்றார். ராஜபாளையம் முடங்கியார் ரோட்டில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் தோட்டத்தைப் பத்து நாளில் சீராக்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "வாரவன் போறவன்கிட்டல்லாம் எதுக்குன்னு கேப்பியாட்டி?" என்று ஒரு காகிதத்தை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதே வாரம் அவளுக்கு இன்னொரு காகிதமும் வந்தது. வருகிற திங்கட்கிழமை அவளும் கணவன் எட்வினும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பத்து வருடக் கல்யாண வாழ்க்கை முடிந்தது. அவன் தன் அப்பா இறந்ததும் தென்னந்தோப்பைப் பார்க்கக் கூமாப்பட்டிக்குப் போனான். நீயும் வா என்றான். பண்ணையை விட்டு வர முடியாது என்றாள் இவள். நீ வா, நீ வா என்று சொல்லியே இரண்டரை வருடம் ஓடிவிட்டது. இரண்டு பேருக்கும் பிடிவாதத்தில் பஞ்சமில்லை.

கோர்ட்டுக் காகிதம் கைப்பைக்குள் கிடந்தது. அப்பாவின் காகிதத்தை அவள் மறுபடி பிரித்துப் படித்தாள்.

அதில் வரிசை எண் போட்டுப் பதினோரு வேலைகள் எழுதியிருந்தார். மனோரஞ்சிதத்தைக் கவாத்து செய்யவும். முல்லைப் பந்தலைப் புதுப்பிக்கவும். கிணற்றடியைச் சுத்தம் செய்யவும். இப்படியே போய்ப் பதினோராவது வரியில்: 'மாமரத்தை வெட்டி அகற்றவும். புதன் மாலை நான்கு மணி. பால்சாமி மெஷினுடன் வருவார்.'

இன்றைக்குப் புதன்கிழமை.

வெட்டப் போகிற மரத்துக்கு எதற்குப் பாத்தி? பாத்தி கட்டிப் பார்க்கிற மரத்தை எதற்கு வெட்ட வேண்டும்? அவள் தொழிலில் வாடிக்கையாளர் வெட்டச் சொன்னால் வெட்டிவிடுவாள். ஆனால் இது அம்மா கொட்டை ஊன்றி முளைக்க வைத்த மரம். அதோடு மரத்தின் மேல் குற்றமும் இல்லை. குளியலறைத் தண்ணீர் வருடக்கணக்காக அதன் வேரில் பாய்ந்து இலையை மட்டும் வளர்த்திருந்தது. வீடு பூட்டிய பிறகு அந்தத் தண்ணீர் நின்றுவிட்டது. சுற்றியிருக்கும் கருவேலத்தை எடுத்து வெயில் பட வைத்தால் ஒன்றிரண்டு வருடத்தில் பூத்துவிடும். தண்ணீர்தான் காரணம் என்று அவள் தோட்டக்கலை டிப்ளமோ படிக்கும்போதே அம்மாவிடம் சொன்னாள். கோடாலி வேலையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கவும் செய்தாள்.

அப்பாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அடித்தபோது சுவிட்ச் ஆஃப் என்று வந்தது.

"அக்கா, நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வாரேன். பால்சாமி அண்ணாச்சி முந்தியே வந்துட்டா மரத்துல கை வைக்க விடாதீங்க."

"நான் வெட்டாதன்னா அந்த மனுசன் கேப்பாரா? மெஷினைப் போட்டா இடி விழுந்தாலும் கேக்காதே அவியளுக்கு."

"டீ வாங்கிக் குடுத்து உக்கார வைங்க."

ஸ்கூட்டரை எடுக்கும் முன் செருப்பில் அப்பியிருந்த செம்மண்ணைக் குச்சியால் சுரண்டினாள். செம்மண் ஒட்டினால் லேசில் போகாது. போன சனிக்கிழமை எட்வினோடு போய்விட்டு வந்த மகள் ஜாஸ்மினின் செருப்பைக் கழுவுவதற்கும் இதே பாடுதான் பட்டாள். எட்டு வயதுப் பிள்ளையிடம் திங்கட்கிழமையைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, இன்னும் சொல்லாமலே நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

*

தம்பி வினோத் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். அப்பா இந்த எட்டு வருடமாக அவன் வீட்டில்தான் இருக்கிறார். ஹெப்சி போனபோது அவன் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"நானே உன்னத் தேடி வரணும்னு இருந்தேன்க்கா. அப்பா காலையில துணிமணியெல்லாம் எடுத்து டிரங்குப் பெட்டியில அடுக்குதாரு. எங்க போறீங்கன்னா பதில் இல்ல."

"இப்ப எங்க அவரு?"

"பதினோரு மணிக்கே வெளிய போயிட்டாராம். என் பொண்டாட்டி போன் பண்ணுனா. போட்டிருக்கது என்ன சட்டை தெரியுமா? ஈஸ்டருக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. தேய்ச்சுப் போட்டுட்டுப் போயிருக்காரு."

"ஏலே, சட்டையை விடு. வருசா வருசம் ஜனவரி ரெண்டாம் தேதி அப்பா எங்க போறாருன்னு உனக்குத் தெரியுமா?"

வினோத்தின் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உனக்கும் சந்தேகம் வந்துருச்சா? அம்மா போன மறுவருசத்துல இருந்து நானும் பாக்குதேன். ரெண்டாம் தேதி காலையில ஒரு சாக்குப்பையைச் சுருட்டிக்கிட்டு ராஜபாளையம் பஸ்ஸுல ஏறிருவாரு. மத்தியானம் வந்துருவாரு. வரும்போது முகம் அப்படித் தெளிவா இருக்கும். பிரியாணி வாங்கிட்டு வருவாரு."

"சாக்குப்பையில என்னன்னு பாத்தியா?"

"அதை எப்படிப் பாக்க? எனக்கு என்ன தோணுதுன்னா..." அவன் இன்னும் கிட்டே வந்தான். "அவருக்கு அங்க யாரோ இருக்காங்க. அதுக்குத்தான் தோட்டம், துரவு, பெட்டி எல்லாம்."

ஹெப்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுபத்தொரு வயதில், முட்டிவலித் தைலம் இல்லாமல் படுக்காத மனுஷன். ஆனால் உடனே இன்னொன்றும் உறைத்தது. கோடாலி போடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒன்பது வருடமாக அம்மாவின் இடத்தில் யாரோ வந்து நின்றிருக்கிறார்கள். அந்த 'யாரோ' இனிமேல் அந்த வீட்டுக்கே வரப்போகிறாளா? அம்மாவின் மரம் கண்ணில் படக் கூடாது என்பதற்காகத்தான் அதை வெட்டச் சொல்கிறாரா? அதையும் பெற்ற மகளை வைத்தே?

இவ்வளவு நேரமும் மரத்துக்காக மட்டும் கலங்கியவள் இப்போது அப்பாவை நினைத்தும் கலங்கினாள்.

"இந்த வருசம் ரெண்டாம் தேதி எப்படி வந்தாரு?" என்று கேட்டாள்.

"அதை ஏன் கேக்கே? பிரியாணியும் இல்ல ஒண்ணும் இல்ல. நேரா போயிப் படுத்துட்டாரு. சாப்பிட எழுப்புனா, 'ஒரு வார்த்தை சொல்லலையே, ஒரு வார்த்தை சொல்லலையே'ன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கிடந்தாரு. யாரு, என்ன சொல்லலன்னு கேட்டேன். சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு."

"அன்னைக்கே எனக்குச் சொல்லிருக்கலாம்லாடே?"

"நீயே கோர்ட்டு, வக்கீலுன்னு அலையுத. உன்கிட்ட இதை வேற எப்படிச் சொல்ல?"

இந்தக் குடும்பத்தில் ஒருவர் மனது நோகக் கூடாதென்று மற்றவர் மறைப்பார். அவர் மறைப்பது தெரியாமல் இவர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார். நேராகக் கேட்டால் நாக்கு வெந்துவிடும் என்று நினைக்கிற ஆட்கள். தவசிமுத்துவில் ஆரம்பித்து ஹெப்சி வரைக்கும் யாரும் விதிவிலக்கில்லை.

"பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு உன் வீட்டுக்குத்தான் வருவா. நான் வர நேரமாகும், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஹெப்சி ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

*

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் முடங்கியார் ரோட்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

அப்பா வந்திருந்தார். வெள்ளைச் சட்டையில், மாமரத்துக்கு நேர் எதிரே, கவிழ்த்துப் போட்ட சிமெண்ட் தொட்டியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாக்குப்பை கிடந்தது. கோடாலிக் காம்பு வெளியே தெரிந்தது. அந்தப் பக்கம் பால்சாமி டீ குடித்து முடித்துவிட்டு மெஷின் வாளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு பெண்பிள்ளை யாரும் இல்லை. கருத்தம்மாள் மட்டும் மண்வெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு காவல் நின்றாள்.

"வாட்டி. சரியான நேரத்துக்கு வந்துட்ட" என்றார் தவசிமுத்து. "பால்சாமி, ஆரம்பிக்கலாம்ப்பா."

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றாள் ஹெப்சி. இந்தத் தடவை அவள் சுற்றி வளைக்கவில்லை. "அப்பா, இந்த வீட்டுக்கு யாரைக் கூட்டிட்டு வரப் போறீங்க?"

"யாரை?"

"அதைத்தான் கேக்குதேன். பெட்டி கட்டிருக்கீங்களாம்."

"நான்தான் வாரேன். ஒண்ணாம் தேதியில இருந்து இங்க இருக்கலாம்னு இருக்கேன். வினோத் வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அங்க ரெண்டு ரூமு. அவன் பிள்ளைக்கு உக்காந்து படிக்க இடம் இல்ல. சொன்னா விட மாட்டான். அதான் எல்லாத்தையும் முடிச்சுட்டுச் சொல்லுவோம்னு..."

ஹெப்சிக்கு மூச்சு வந்தது. ஆனாலும் பாதிதான் வந்தது. "அப்ப மரத்தை ஏன் வெட்டச் சொன்னீங்க? அம்மா வச்ச மரம்ப்பா!"

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வெட்டச் சொல்லுவீங்களா? ஒன்பது வெட்டுப் போட்டிருக்கீங்க. யாரோ ஒருத்தர் ஒன்பது தரம் வேண்டாம்னு சொல்லிருக்காங்கள்லா?"

"எட்டுத் தரம்" என்றார் தவசிமுத்து.

அவர் குரல் உடைந்துவிட்டது. எல்லையில் பனிக்குள் நின்ற கதையைச் சொல்லும்போதுகூட உடையாத குரல் அது. ஹெப்சி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எட்டு வருசம் ஒழுங்கா வந்து சொன்னான். இந்த வருசமும் வந்தான். நான் கோடாலியை ஓங்குனேன். வெட்டிப் போடப் போறேன்னு சொன்னேன். ஒரு கொத்துப் போட்டுட்டு அவன் வாயைப் பாத்துக்கிட்டே நிக்கேன். அவன் மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கான். வேண்டாம்னு சொல்லல. செத்த நேரம் கழிச்சு, 'என்னால சொல்ல முடியல மாமா'ன்னுட்டுப் போயிட்டான்."

மாமா.

அப்பாவை மாமா என்று கூப்பிடுகிற ஆண்பிள்ளை உலகத்தில் ஒருவன்தான்.

"எட்வினா?" என்றாள்.

"அம்மா போன முதல் வருசம் நான் தனியா வந்து கோடாலியை வச்சிக்கிட்டு முழிச்சிட்டு நின்னேன். அன்னைக்குக் கிணத்து மோட்டார் பாக்கணும்னு அவனும் கூட வந்திருந்தான். என் கையைப் பிடிச்சு, அத்தை சொல்லுத மாதிரியே சொன்னான். அதுல இருந்து வருசா வருசம் அவன்தான். உன்கிட்ட சொல்லாதீங்கன்னான். 'அவ படிச்ச தோட்டக்காரி மாமா, கேட்டா சிரிப்பா'ன்னான்."

தன்னுடைய வேலையும் மரமும் செடியும் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று இரண்டரை வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் ஹெப்சி. வக்கீலிடமும் அதையே சொன்னாள். இப்போது அந்தப் பேச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவன் மேல் பாசம் வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. எட்டு வருடம் சொன்னவனுக்கு ஒன்பதாவது வருடம் என்ன வந்தது? எல்லாவற்றையும் முடித்துவிட்டோம் என்று மரத்திடம் வந்து சொல்லிவிட்டுப் போனானா?

"ஓங்குன கோடாலியைத் தடுக்க ஒரு வாய் வேணும்ட்டி" என்றார் அப்பா. "அந்த வாய் வரலேன்னா வெட்டித்தான் ஆகணும். மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. மரத்துக்கிட்ட பொய் சொல்லிட்டு இந்த வீட்டுல நான் எப்படி வந்து படுப்பேன்?"

"அப்ப வெட்டுங்க!" என்று கத்தினாள் ஹெப்சி. "அவருக்கே வேண்டாம்னா எனக்கு மட்டும் எதுக்கு? அண்ணாச்சி, போடுங்க மெஷினை!"

கருத்தம்மாள், "ஏ தாயி!" என்றாள். பால்சாமி தவசிமுத்துவைப் பார்த்தார். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து, அணிவகுப்பில் நிற்பதைப் போல விறைத்து நின்றார்.

மெஷின் உறுமியது. மரத்தில் இருந்த மைனாக்கள் கலைந்து போயின.

அந்தச் சத்தத்துக்குள் ஹெப்சிக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. எட்வின் மேல் உள்ள கோபத்தை மரத்தின் மேல் காட்டிவிட்டாள். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்குவதைப் பார்த்தாள்.

"வேண்டாம்!" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. பால்சாமி வாளைப் பட்டையில் வைத்துவிட்டார். மரத்தூள் பறந்தது.

ஹெப்சி ஓடினாள். உரிமட்டையில் கால் இடறி விழப்போய்ச் சமாளித்து, பால்சாமியின் தோளைப் பிடித்து முழுப் பலத்தோடு இழுத்தாள். மனிதர் பதறிப்போய் விசையை விட்டார். சத்தம் நின்றது.

"வேண்டாம். விட்டுருங்க. அடுத்த வருசம் காய்க்கும்!"

கொல்லை முழுக்க அவள் குரல் கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அது அம்மா சொல்கிற அதே வரி என்று அவளுக்குத் தெரிந்தது. சிரித்தவளே இன்றைக்குக் கெஞ்சினாள்.

பால்சாமி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "நல்ல பிள்ளை தாயி நீ. வாளு ஓடும்போது இப்படியா பிடிச்சு இழுப்ப? கை போயிருக்கும். இப்ப என்ன, அறுக்கவா, வேண்டாமா?"

தவசிமுத்து கிட்டே வந்து மரத்தைப் பார்த்தார். வாள் பட்ட இடத்தில் அரை விரல் ஆழத்துக்குப் பட்டை கிழிந்திருந்தது. "இது பதினஞ்சு" என்றார். பிறகு சின்னப் பிள்ளை கேட்பதைப் போலக் கேட்டார். "மூணு வாரம் கழிச்சுச் சொன்னா செல்லுமாட்டி?"

"மரத்துக்குத் தேதி தெரியாதுப்பா. தோட்டக்காரி சொல்லுதேன், காய்க்கும். இந்தக் கருவேலத்தை எல்லாம் எடுத்து வெயில் பட விடுதேன். பூக்கலேன்னா என்னைக் கேளுங்க."

அவர் சாக்குப்பையை எடுத்துக் கோடாலியை முழுக்க உள்ளே தள்ளி வாயைச் சுருட்டினார். முகம் தெளிந்துவிட்டது. வினோத் சொன்ன பிரியாணி முகம் இதுதான் போலிருக்கிறது.

"வெட்டணும்னு முடிவு பண்ணிட்டு இவ்வளவு அருமையா பாத்தி கட்டிருக்கீங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் ஹெப்சி. "முட்டிவலியோட எப்படிக் கொத்துனீங்க? உரிமட்டை எங்க வாங்குனீங்க?"

"பாத்தியா?" தவசிமுத்து அப்போதுதான் கீழே பார்த்தார். "நான் கட்டலையே."

"விளையாடாதீங்கப்பா. சனிக்கிழமை பக்கம் தண்ணி விட்டிருக்கு. மண்ணு ஈரமா இருக்கு."

"ரெண்டாம் தேதிக்குப் பொறவு நான் இன்னைக்குத்தான் இங்க கால் வைக்கேன். முன்வாசல் சாவி உன்கிட்ட இருக்கு. கொல்லைக் கதவுச் சாவி..." அவர் பேச்சை நிறுத்தினார். "அது மோட்டார் பாக்கதுக்கு எட்வின்கிட்ட குடுத்தது. திருப்பி வாங்கல."

கூமாப்பட்டித் தோப்பில் எட்வின் இப்படித்தான் உரிமட்டையை மல்லாத்திப் போடுவான். கல்யாணமான புதிதில் அவளுக்கு வரிசை பிடித்துக் காட்டியிருக்கிறான். அவனுடைய தோப்பு மண் கறுப்பு. ஜாஸ்மினின் செருப்பில் போன சனிக்கிழமை ஒட்டியிருந்தது செம்மண். இதே செம்மண்.

ஹெப்சி போனை எடுத்துத் தம்பி வீட்டுக்கு அடித்தாள். இரண்டாவது மணியிலேயே ஜாஸ்மின் எடுத்தாள்.

"ஜாஸ்மின், அம்மா திட்ட மாட்டேன். போன சனிக்கிழமை அப்பா உன்னை எங்க கூட்டிட்டுப் போனாரு?"

"ம்ஹூம்" என்றாள் ஜாஸ்மின்.

"சொல்லு கண்ணு. பாட்டி வீட்டு மாமரத்துக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"அது சொல்லக் கூடாதும்மா" என்றாள் ஜாஸ்மின். "அப்பாகிட்ட ப்ராமிஸ் பண்ணிருக்கேன். திங்கக்கிழமை வரைக்கும்தான்."